எங்கள் தெருவுக்காக நடந்த வெளிநடப்பு

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் ஒரு நிமிஷம் நின்று போகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதினால் மானம் போய்விட்டது என்று யாராவது கேஸ் போடுவார்கள். மானம் இருக்கிறவர்கள் போடட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கோர்ட்டுக்கு அலைய எனக்கு நேரமில்லை.

அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். 2004-இல் ஆரம்பித்து எட்டு வருஷம் நடத்தினேன். மன்றக் கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் அஜெண்டா என் கடைக்குத்தான் வரும். அலுவலகத்திலும் ஒரு மெஷின் இருந்தது. அதன் மேல் துணி போர்த்தி, துணி மேல் சாமி படம் வைத்திருந்தார்கள். பதினைந்து கவுன்சிலர்களுக்குப் பதினைந்து செட் எடுத்து, பின் அடித்துக் கொடுப்பேன். கவுன்சிலர்கள் படிப்பதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன் என்று எழுத வந்தேன். அவர்கள் படித்ததே இல்லை என்பதால் அப்படி எழுத முடியவில்லை. ஒருத்தர் தன் செட்டை என் கடைக்கே கொண்டுவந்து, பின்பக்கமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, பையனுக்கு ரஃப் நோட்டு தைத்துக் கொடு என்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன்.

மன்றக் கூடத்து ஜன்னல் என் கடையைப் பார்த்தபடி இருக்கும். ஃபேன் ஓடாத நாட்களில் திறந்து வைப்பார்கள். அதனால் அந்த ஊரில் ஜனநாயகம் எப்படி நடந்தது என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. இளநிலை உதவியாளர் ஒருவர் எழுந்து பொருள் எண்ணைச் சொல்லி, முதல் வரியில் பாதியைப் படிப்பார். "பாஸ், பாஸ்" என்று நாலு குரல் கேட்கும். மேசையைத் தட்டுவார்கள். அடுத்த எண். இருபது, இருபத்தைந்து பொருள்களைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, கேசரியும் வடையும் வருகிற வரைக்கும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பெண் கவுன்சிலர்கள் ஐந்து பேர். அதில் நாலு பேருக்குப் புருஷன் வராந்தாவில் நிற்பான். அவன் தொண்டையைக் கனைத்தால் அந்த அம்மா "பாஸ்" என்று சொல்ல வேண்டும். கனைக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ஒருமுறை ஒருத்தனுக்கு நிஜமாகவே சளி பிடித்துவிட்டது. அன்றைக்கு அந்த அம்மா எல்லாவற்றையும் பாஸ் பண்ணியது.

கை தூக்கி ஓட்டெடுத்து நான் பார்த்ததே இல்லை. யாராவது எதிர்க்கிற மாதிரி ஒரு மனு வந்துவிட்டால் ஒருத்தருக்குப் போன் வரும், ஒருத்தருக்குப் பாத்ரூம் வரும், ஒருத்தர் எழுந்து வேறு ஏதோ ஒரு தெருவிளக்கைப் பற்றிக் கத்திவிட்டு "வெளிநடப்பு செய்கிறேன்" என்று படியில் வந்து நின்றுகொள்வார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருப்பார். கேசரி வருகிற நேரத்துக்குத் திரும்ப உள்ளே போவார். இதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அடுத்தவன் தெரு சம்பந்தப்பட்டது என்றால் சிரிப்பு நன்றாக வரும்.

2008 வாக்கில் ஒரு நாள் அஜெண்டாவை மெஷினில் வைக்கும்போது பத்தொன்பதாம் பொருள் கண்ணில் பட்டது. எங்கள் தெரு இருக்கிற குடியிருப்பு நகரின் பெயர். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டியிருக்கும் இடத்தில் கல்யாண மண்டபம் கட்ட அனுமதி கோரும் மனு. கீழே 'அனுமதிக்கலாம்' என்று அலுவலகக் குறிப்பு. மனு போட்டவன், எங்களுக்கெல்லாம் மனை விற்றவரின் மகன்.

அந்த இடத்தில் பூங்கா ஒன்றும் கிடையாது. நாலு மூலையில் நாலு கல், நடுவில் கருவேலஞ்செடி, மாலையில் பையன்கள் கிரிக்கெட். ஆனால் எங்கள் தெருவே அந்தப் பக்கம் சரிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மொத்தத் தெருவின் தண்ணீரும் அங்கே போய் முழங்கால் ஆழம் நிற்கும், நாலு நாளில் வடியும். அதை ஒட்டிய கடைசி வீடு என்னுடையது. தெருவிலேயே தாழ்வான வீடும் அதுதான். என் கை வளையல் முதற்கொண்டு அந்த வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அங்கே மண்ணடித்து உயர்த்தி மண்டபம் கட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்துகொள்ள இன்ஜினியர் வேண்டாம். என் வீட்டுக் கூடத்துக்குப் போகும்.

அன்றைக்கே கடையை மூடிவிட்டு எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். அவன் என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். அவரை மாமா என்பான், என்னை அக்கா என்பான். முப்பது வயது, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் தலைவர் படம் தெரிகிற மாதிரி மெல்லிய துணி. கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

"யக்கா, நீ வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கு. என் உயிர் இருக்குற வரைக்கும் அங்க ஒரு செங்கல் எறங்காது" என்றான்.

"உன் உயிர் எனக்கு வாணாம்பா. எட்டு கை வேணும். பதினஞ்சு பேர்ல எட்டு" என்றேன்.

அடுத்த மூன்று நாளும் நானும் எதிர் வீட்டு அக்காவும் வீடு வீடாக ஏறினோம். அந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் என்கூட வந்தாள். இரண்டு பேர் செருப்பைக் கழற்றும்போதே "மனு போட்டவரு நமக்கு வேண்டியவரு" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அது நேர்மை. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் டீ கொடுத்து, வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்து, "தண்ணி எப்பிடிம்மா போவும்?" என்று கேட்டார். கேட்டது அவர் ஒருத்தர்தான். ஒரு பெண் கவுன்சிலர் வீட்டில் அவள் புருஷனிடம்தான் பேச முடிந்தது. "நம்ம ஓட்டு உங்களுக்குத்தான்" என்றான். நம்ம ஓட்டாம். அவள் பின்னால் நின்று தலையாட்டினாள். இப்படி எண்ணி எண்ணி, எங்கள் வார்டுக்காரனையும் சேர்த்து எட்டு வந்தது. ஒரு தாளில் எட்டுப் பேரையும் எழுதி வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

அவர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. அதிகம் பேச மாட்டார். தாளைப் பார்த்துவிட்டு, "கூட்டம் நடக்குறப்ப எட்டு பேரும் சீட்ல உக்காந்திருப்பானுங்களா?" என்று கேட்டார்.

"வராம எங்க போவாங்க? கேசரி இருக்கே" என்றேன்.

"வருவானுங்க. உக்காந்திருப்பானுங்களான்னு கேட்டேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கெடுத்தாலும் இந்த மனுஷன் இப்படித்தான் என்று தாளை மடித்து வைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருப் பெண்கள் ஒன்பது பேர் வராந்தாவில் போய் நின்றோம். புருஷன்மார்கள் நாலு பேர் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். ஒன்பது பெண்களைப் பார்த்ததும் கனைக்கக்கூட வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்கள். ஒரு நிருபர் வந்திருந்தார். கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பவர், கூட்டம் இருந்தால் நிருபர். எங்கள் கவுன்சிலர்தான் வரச் சொல்லியிருக்கிறான். அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பதினெட்டுப் பொருள்கள் பாஸ், பாஸ் என்று போயின. பத்தொன்பது வந்தது. உதவியாளர் அன்றைக்குத்தான் ஒரு முழு வாக்கியத்தைப் படித்தார். எங்கள் ஆள் எழுந்தான். நன்றாகத்தான் பேசினான். தண்ணீர், சரிவு, வரைபடம், எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. நடுவில் நான் எழுதாத 'ஏழை எளிய மக்களின் கண்ணீர்' என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டான். எங்கள் தெருவில் யாரும் அழவில்லை. பரவாயில்லை என்று விட்டேன்.

மன்றத் தலைவர் அவன் முடிக்கும் வரை காத்திருந்தார். அவர் மண்டபக்காரன் பக்கம் என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் எண்ணத் தெரியும். எட்டு என்று அவருக்கும் சேதி போயிருந்தது. முகம் சுருங்கித்தான் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி தம்பி, உக்காரு. எதுக்குறவங்க கையத் தூக்குங்க, எண்ணிப் பாத்துடுவோம்" என்றார்.

என் எட்டு வருஷத்தில் அந்தக் கூடத்திலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ஆள் உட்காரவில்லை. கையில் இருந்த அஜெண்டாவை, நான் பின் அடித்துக் கொடுத்த அஜெண்டாவை, இரண்டாகக் கிழித்தான். "மக்கள் விரோத மனுவைக் கண்டித்து வெளிநடப்பு செய்கிறோம்!" என்று கத்தினான். நடந்தான். பின்னால் இருந்தவர் எழுந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். தூணுக்குப் பின்னால் இருந்த ஒருத்தன் கையை ஆட்டினான், அவன் பெண்டாட்டியும் எழுந்தாள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் கொஞ்சம் தயங்கினார். சுற்றிப் பார்த்தார். தனியாக உட்கார்ந்திருந்தால் காசு வாங்கிவிட்டான் என்பார்களே என்று பயந்திருப்பார். அவரும் எழுந்து வந்தார். எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். தாளில் எழுதி எழுதி எட்டை எண்ணிய நான், அந்த எட்டும் கதவைத் தாண்டி வெளியே வருவதைப் பார்த்துக் கை தட்டினேன். "அப்பிடிப் போடு!" என்றுகூடக் கத்தினேன். நாங்கள் ஒன்பது பேரும் அவர்கள் பின்னாலேயே படிக்கு ஓடினோம். நிருபர் எங்களைப் பக்கவாட்டில் நிற்க வைத்தார். "யக்கா, கைய நல்லா ஒசத்துங்க, கோபமா பாருங்க" என்றார். எல்லோரும் கையை உயர்த்தினோம். எட்டுக் கவுன்சிலர்களும் உயர்த்தினார்கள். உள்ளே உயர்த்த வேண்டிய எட்டுக் கைகளும் படியில் உயர்ந்தன.

உள்ளே மேசை தட்டுகிற சத்தம் கேட்டது.

"கோவத்துல தட்டுறானுங்க பாரு" என்று எதிர் வீட்டு அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு எல்லோரும் டீ குடித்தோம். கேசரி வந்ததும் நாலு பேர் உள்ளே போனார்கள்.

மத்தியானம் உதவியாளர் தீர்மான நகலை என் கடைக்குக் கொண்டுவந்தார். மெஷினில் வைக்கும்போது படித்தேன். பத்தொன்பதாம் பொருள்: உறுப்பினர்கள் எவரும் ஆட்சேபணை தெரிவிக்காததால் ஒருமனதாக அனுமதிக்கப்பட்டது.

"இன்னா சார் இது? ஒருமனதாவா?"

"உள்ள இருந்த ஏழு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அப்ப ஒருமனதுதானம்மா."

"எட்டு பேரு எதுத்தாங்களே!"

"எங்க எதுத்தாங்க? டீக்கடையிலயா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருக்குற தலையத்தான் எண்ணுவோம். தலைவரு தோத்துட்டோம்னே முடிவு பண்ணி வந்தாரு. உங்காளு எழுந்து போனதும் அவருக்கு ஒண்ணும் புரியல. ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாரு. அப்பறம் 'ஆட்சேபணை யாருக்காவது உண்டா'ன்னு கேட்டாரு. யாரும் இல்லியே."

அவர் கேட்ட அத்தனை காப்பியும் எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

எங்கள் கவுன்சிலர் மறுநாள் பேப்பரோடு கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"யக்கா, நாலு காலம் போட்டோ போட்டுருக்கான் பாத்தியா! நீயும் இருக்க பாரு, ஓரமா."

"மண்டபம் பாஸாயிடுச்சி, தெரியுமாடா உனக்கு?"

"அது அவுங்க அராஜகம்க்கா. நாம எதிர்ப்பப் பதிவு பண்ணிட்டோம்ல."

"கையத் தூக்கியிருந்தா போதுமேடா!"

"கைய எவன் வேணா தூக்குவான். வெளிநடப்புன்னா அதுக்கு மேல. பெரிய சபையில எல்லாம் அப்பிடித்தான பண்றாங்க?"

"அங்க ஆள் இல்லாதவன் பண்ணுவான். நீ எட்டு பேர வச்சிகினு ஏண்டா எழுந்து போன?"

அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். என் கண் முன்னால், என் கடை வாசலில், பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு எண்ணினான். எட்டு வந்ததும் நிறுத்தினான். "உணர்ச்சில எண்ணிக்கைய யாருக்கா பாத்தா?" என்றான்.

அவன் காசு வாங்கினான் என்று தெருவில் பேச்சு இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத மாட்டேன். என்னைக் கேட்டால் வாங்கவில்லை என்றுதான் சொல்வேன். வாங்கியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், திட்டிவிட்டு விட்டிருப்பேன். எழுந்து போவதுதான் பெரிய எதிர்ப்பு, உட்கார்ந்து கை தூக்குவது சின்ன வேலை என்று அந்த எட்டுப் பேரும் மனசார நம்பினார்கள். நம்பியவர்களை எதைக் கொண்டு அடிப்பது? அவர்களில் ஒருவரை மார்க்கெட்டில் மடக்கி, ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டேன். "முன்னாடி இருந்தவரு எழுந்தாரும்மா" என்றார். பஸ்ஸில் இறங்குகிற மாதிரி சொன்னார்.

சிதம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். தீர்மானத்தைப் படித்துவிட்டு, பேப்பரையும் காட்டுங்கள் என்றார். போட்டோவைப் பார்த்தார். "இதக் காட்டுனா, தீர்மானம் போட்டப்ப இவுங்க உள்ள இல்லன்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிடும்மா" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். கடலூருக்கு இரண்டு தடவை போய் மேலே மனு கொடுத்தோம். ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை என்று இருக்கிறதே அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. நான் எடுத்த ஜெராக்ஸ்தான், எழுத்து நன்றாகவே தெரிந்தது.

ஒரு வருஷத்தில் மண்டபம் எழுந்தது. நாலடி உயரத்துக்கு மண்ணடித்து அதன் மேல் கட்டினார்கள். அடுத்த ஐப்பசியில், மழை பிடித்த இரண்டாம் நாள், தெருத் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி என் வாசலுக்கு வந்தது. கூடத்தில் கணுக்காலுக்கு மேல். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றினோம். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலில் நின்று பேன்ட்டை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். உக்காந்திருப்பானுங்களான்னு கேட்டேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். சொல்லவில்லை.

கவுன்சிலர் வந்தான். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று என் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். உண்மையிலேயே கண் கலங்கியது அவனுக்கு.

"நீ கவலப்படாதக்கா. அடுத்த கூட்டத்துல இதுக்காக மறுபடியும் வெளிநடப்பு பண்றேன்" என்றான்.

கையில் துடைப்பம் இருந்தது. அடிக்கவில்லை. தண்ணீரில் நனைந்த துடைப்பத்தால் அடித்தால் வலிக்காது.

அடுத்த தேர்தலில் அந்தப் போட்டோவைப் போட்டு நோட்டீஸ் அடித்தான். 'மக்களுக்காக மன்றத்தை விட்டு வெளியேறியவர்.' நோட்டீஸ் என் கடையில்தான் காப்பி எடுத்தான். ஓரத்தில் நான் கையை உயர்த்திக்கொண்டு கோபமாகப் பார்த்தபடி நிற்கிறேன். முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தான். எங்கள் தெருவும் போட்டது. யார் யார் என்று கேட்காதீர்கள்.

நான் போடவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டேன். அடுத்து வந்த கோடையில் கொத்தனாரைக் கூப்பிட்டு, வாசலை மூன்று படி உயர்த்தி, கூடத்தில் கிராவல் கொட்டி, தரையையும் அதே அளவுக்கு உயர்த்தினேன். காம்பவுண்டுச் சுவர் அடியில் இருந்த தண்ணீர் ஓட்டையையும் சிமெண்டு வைத்து அடைத்தேன். கொத்தனார் ஒரு தடவை கேட்டார், "எதிர் வூட்டுக்குத் தண்ணி போவுமேம்மா?" நான் கரண்டியைக் காட்டி, வேலையைப் பாருங்க என்றேன்.

மழை வந்தது. என் கூடம் காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தேன். எதிர் வீட்டு அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, தன் வீட்டு வாசலிலிருந்து தண்ணீரை முறத்தால் அள்ளி அள்ளித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டிய தண்ணீர் திரும்ப அவள் வீட்டுக்கே போனது. என்னோடு மூன்று நாள் வீடு வீடாக ஏறியவள். சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வந்தவள். நிமிர்ந்து என் புதுப் படிகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது போலப் பார்த்தாள்.

"நீயும் வெளிநடப்பு பண்ணிட்டியாடி?" என்றாள்.

இறங்கிப் போய் முறத்தை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை அவள்.